ஊசி போட்ட பிள்ளைக்கும் ஏற்புவலி வருமா?

"ஊசியெல்லாம் ஒழுங்கா போட்ட புள்ளைக்கே ஏற்புவலி வந்துருச்சாம்." இலங்கை மலையகத் தோட்டங்களில், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில், ஏற்புவலி எனும் டெட்டனஸ் பற்றி இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் அது இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடும். ஒரு பக்கம், "அப்ப எதுக்கு இந்த ஊசி? புள்ளைக்கு ரெண்டு நாள் காய்ச்சல் வந்ததுதான் மிச்சம்" என்று முடியும். இன்னொரு பக்கம் பயமாக மாறும். முழங்காலில் லேசாகச் சிராய்த்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடி, "ஏற்பூசி ஒண்ணு போட்டுருங்க ஐயா" என்று நிற்பார்கள். இரண்டும் ஒரே குழப்பத்தில் இருந்து பிறப்பவை. அந்த ஊசி உடம்புக்குள் போய் என்ன வேலை பார்க்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது அவர்கள் குற்றமும் இல்லை. கிளினிக் நாளில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். மிஸ்ஸுக்கு எடை பார்க்கவும் ஊசி போடவும் எழுதவுமே நேரம் போதாது.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரலாம், ஆனால் மிக மிக அரிது. வந்ததாகச் சொல்லப்படுகிற கதைகளை விசாரித்துப் பார்த்தால், போட வேண்டிய ஊசிகளில் ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கும். அல்லது கடைசி ஊசி போட்டுப் பல வருஷம் ஓடியிருக்கும். சில வேளை வந்த நோய் ஏற்புவலியாகவே இருக்காது. ஏன் இப்படி என்று விளங்க, கிருமியில் இருந்து தொடங்க வேண்டும்.

## துருவும் மண்ணும்

துருப்பிடித்த ஆணி குத்தினால் ஏற்பு வரும் என்பது நம் வீடுகளில் எல்லோரும் சொல்லுவது. துருவுக்கும் இந்த நோய்க்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் கிடையாது. துருப்பிடித்த ஆணி என்பது பெரும்பாலும் மண்ணில் நெடுநாள் கிடந்த ஆணி. ஆபத்து அந்த மண்ணில் இருக்கிறது. கடையில் இருந்து அன்றைக்கு வாங்கிய பளபளப்பான ஆணியில் மண் ஒட்டியிருந்தாலும் அதே ஆபத்துதான்.

நோயை உண்டாக்குவது கிளொஸ்ட்ரிடியம் டெட்டனி என்ற பக்டீரியா. மண்ணிலும், மாடு, ஆடு, குதிரை, கோழி போன்றவற்றின் குடலிலும், அதனால் அவற்றின் சாணத்திலும் எச்சத்திலும் இருக்கும். சூழ்நிலை பிடிக்காதபோது இது கெட்டியான உறை ஒன்றுக்குள் சுருங்கி, வித்து ஆகிவிடும். வித்து என்றால் உயிரை உள்ளே வைத்துக்கொண்டு உறங்கும் நிலை. வெயில், மழை, சாதாரணக் கிருமிநாசினி எதற்கும் அது எளிதில் சாகாது. கொதிநீரில் போட்டாலும் தப்பிப் பிழைக்கும். வருஷக்கணக்கில் மண்ணுக்குள் அப்படியே கிடக்கும்.

லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் கோவா, லீக்ஸ், கரட் போட்டிருக்கிற துண்டுக் காணியை நினைத்துப் பாருங்கள். மாட்டுச் சாணம் கொட்டிக் கொத்திய மண். நுவரெலியா, வெலிமடைப் பக்கத்தில் மரக்கறித் தோட்டங்கள் எல்லாமே இப்படித்தான். அங்கே வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகளைச் சுற்றி இந்த வித்துகள் எப்போதும் இருக்கும். பெரியம்மையை உலகத்தில் இருந்து ஒழித்தது போல இதை ஒழிக்க வழியே இல்லை. மண்ணை யாரால் கழுவ முடியும்?

ஆனால் வித்து மண்ணில் கிடப்பதால் மட்டும் நோய் வராது. அது விழித்துப் பெருக, ஒட்சிசன் இல்லாத இடம் வேண்டும். கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்த, மலைக்கு மிலாறு (வெட்டிப் போட்ட குச்சிகள்) பொறுக்கப் போகிற பிள்ளையை எடுத்துக்கொள்வோம். கவ்வாத்துக் கத்தி சாய்வாக வெட்டிவிட்டுப் போன குச்சி ஒன்று, தேய்ந்த செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறுகிறது. பிள்ளை உதறிப் பிடுங்கிப் போடுகிறது. ஒரு சொட்டு இரத்தம்கூடச் சரியாக வராது. பொழுது சாய்வதற்குள் மேல்தோல் மூடிக்கொண்டு விடும். அம்மாவுக்குத் தெரியவும் தெரியாது. உள்ளே, காற்றுப் படாத ஆழத்தில், கொஞ்சம் மண்ணும் குச்சியின் பட்டையும் செத்த சதையும் மிஞ்சியிருக்கும். வித்துக்கு இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. உள்ளங்கையில் கத்தி வெட்டி இரத்தம் கொட்டினால் லயமே கூடிவிடும், உடனே கழுவிக் கட்டுவார்கள். பயப்பட வேண்டிய காயம் பல நேரம் இந்தச் சின்னத் துளைதான்.

தீக்காயம், நாய்க்கடி, சொறிந்து சொறிந்து புண்ணான அட்டைக் கடி, நெடுநாள் சீழ் வடிகிற காது ஆகியவையும் வாசலாக அமையலாம். காதுச் சீழைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. பிள்ளை கையில் கிடைத்த குச்சியால் அதைக் குடைந்துகொண்டே இருக்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவு: கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது, ஒழிக்க முடியாது. காற்றுப் புகாத காயத்துக்குள் மாட்டினால்தான் விழிக்கும்.

## ஆளைப் போட்டுத் தள்ளுவது கிருமி அல்ல, அதன் நச்சு

இந்தக் கிருமி உடம்பெல்லாம் பரவித் திரிவதில்லை. காயம் பட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஒரு நச்சை உண்டாக்குகிறது. அந்த நச்சு பக்கத்தில் இருக்கும் நரம்பு முனைக்குள் நுழைந்து, நரம்பு வழியாகவே மேலேறி முண்ணாணை அடைகிறது. முண்ணாண் என்பது முதுகெலும்புக்குள் ஓடுகிற நரம்புத் தண்டு. தசைகளுக்குப் போகும் கட்டளைகள் அங்கே இருந்துதான் பிரிந்து போகின்றன.

அங்கே நச்சு என்ன செய்கிறது என்று சொல்ல, ஹட்டனில் இருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்குகிற பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சாரதியின் கால் எக்ஸலேட்டரில் இருப்பதைவிடப் பிரேக்கில்தான் அதிகம் இருக்கும். வளைவுக்கு வளைவு கொஞ்சம் விட்டு, கொஞ்சம் பிடித்து இறக்குவதால்தான் வண்டி வீதியில் நிற்கிறது. நம் தசைகளும் அப்படித்தான். "இறுகு" என்ற கட்டளை ஒன்று போனால், "போதும், விடு" என்ற கட்டளையும் கூடவே போகும். ஏற்புவலி நச்சு வெட்டிவிடுவது இந்த இரண்டாவதை, அதாவது பிரேக்கை மட்டும். இறுகச் சொல்லும் கட்டளை போய்க்கொண்டே இருக்கும். விடச் சொல்ல ஆள் இருக்காது.

அதனால் தசைகள் இறுகிப் பூட்டிக்கொள்கின்றன. தாடைக்குப் போகும் நரம்பு குட்டையானது; நச்சுக்குத் தூரம் குறைவு. அதனால் பெரும்பாலும் முதலில் தெரிவது வாய் திறக்க முடியாமல் போவதுதான். பிறகு கழுத்து விறைக்கும், வயிறு பலகை போல ஆகும், முதுகு வில்லாக வளையும். கதவு சாத்துகிற சத்தம், திடீரென்று போடுகிற லைட், ஒருவர் தொடுவது எதுவும் இழுப்பைக் கிளப்பிவிடும். இதில் மிகக் கொடுமையான விஷயம் பிள்ளைக்கு நினைவு தவறாது என்பது. ஒவ்வொரு இழுப்பின் வலியும் அதற்குத் தெரியும். மூச்சுவிடும் தசைகள் பூட்டிக்கொள்ளும்போதுதான் உயிர் போகிறது. நல்ல தீவிர சிகிச்சை கிடைத்தாலும் பத்துப் பேரில் ஒருவர் அல்லது இருவர் இறந்துபோகிற நோய் இது.

காயம் பட்டு 3 முதல் 21 நாட்களுக்குள், பொதுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல் கழித்து, அறிகுறி தொடங்கும். அதற்குள் குச்சி குத்தியதே வீட்டில் எல்லோருக்கும் மறந்திருக்கும்.

நச்சின் வீரியத்தைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. ஒருவரைக் கொல்ல, உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 2.5 நனோகிராம் போதும் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நனோகிராம். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 50 நனோகிராம். கண்ணுக்கே தெரியாத அளவு. இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்றும் முக்கியம். நரம்புக்குள் ஏறிவிட்ட நச்சை வெளியே எடுக்க மருந்து இல்லை. அது செய்த சேதம் ஆற, நரம்பு முனைகள் புதிதாக வளர வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஆளை உயிரோடு பிடித்து வைத்திருப்பதுதான் வைத்தியம்.

## ஊசி பிடிப்பது எதை?

இங்கேதான் பேச்சு வழுக்குகிறது. ஊசி போட்டால் கிருமி உடம்புக்குள் வராது என்று பலர் நினைக்கிறார்கள். வரும். ஊசி போட்ட பிள்ளையின் பாதத்திலும் குச்சி குத்தும், வித்து உள்ளே போகும், விழிக்கவும் கூடும், நச்சையும் விடும். ஊசியின் வேலை அதற்கு அப்புறம்தான்.

1890 இல் பெர்லினில் எமில் வொன் பேரிங், கிட்டசாட்டோ ஷிபசபுரோ என்ற இருவர் ஒன்றைக் காட்டினார்கள். சிறிது சிறிதாக இந்த நச்சுக்குப் பழக்கப்பட்ட மிருகத்தின் இரத்தத்தில், நச்சை முறிக்கிற பொருள் ஒன்று உண்டாகியிருக்கிறது என்று. அந்தப் பொருளைத்தான் இன்று பிறபொருளெதிரி என்கிறோம். உடம்புக்குள் வரும் அந்நியப் பொருளோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்ய நம் உடம்பே உற்பத்தி செய்கிற புரதம் அது. ஆனால் ஒரு பிள்ளைக்கு உயிர்க்கொல்லி நச்சைக் கொடுத்தா பழக்க முடியும்? 1920களில் பிரான்சில் காஸ்டன் ரமோன் அதற்கு வழி கண்டார். நச்சை ஃபோமலினிலும் மிதமான சூட்டிலும் பதப்படுத்தினால் அதன் கொல்லும் குணம் போய்விடுகிறது, உருவம் மட்டும் மிஞ்சுகிறது. இப்படிக் கொடுமை நீக்கிய நச்சுக்கு டொக்சொயிட் என்று பெயர். ஏற்புவலித் தடுப்பூசிக்குள் இருப்பது இதுதான். கிருமி எதுவும் அதற்குள் கிடையாது. அதனால் ஊசியாலேயே ஏற்புவலி வந்துவிடும் என்பதற்கு வழியே இல்லை.

ஊசியைக் கண்டதும் உடம்பு பிறபொருளெதிரிகளைச் செய்து இரத்தத்தில் விட்டு வைக்கிறது. பிறகு என்றைக்காவது காயத்தில் இருந்து உண்மையான நச்சு கிளம்பினால், நரம்பு முனையைத் தொடும் முன்பே அவை அதோடு ஒட்டிக்கொள்கின்றன. நரம்புக்குள் ஏறிய பிறகு அவற்றால் எட்ட முடியாது. அதனால் அவை முன்கூட்டியே, போதிய அளவு, இரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும்.

ஆக, "ஊசி போட்டாச்சா இல்லையா" என்று கேட்பது அரைக் கேள்வி. காயம் பட்ட அன்றைக்கு இரத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதுதான் முழுக் கேள்வி. அது எத்தனை ஊசி போட்டோம், கடைசியாக எப்போது போட்டோம் என்ற இரண்டைப் பொறுத்தது. இந்த ஒன்று விளங்கினால் மிச்சம் எல்லாம் தானாக விளங்கிவிடும்.

## ஏன் ஆறு ஊசி?

முதல் ஊசியால் உடம்பு நச்சின் உருவத்தை அடையாளம் கண்டுகொள்ளும். பாதுகாப்பு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. இரண்டாவதில் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் நீடிக்காது. மூன்றாவது முடிந்ததும் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போதிய அளவு பிறபொருளெதிரி இருக்கும். வருஷங்கள் போகப் போக அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இறங்குகிற நேரத்தில் மறுபடி ஒன்று போட்டு ஏற்றிவிடுவதுதான் பூஸ்டர். ஒவ்வொரு பூஸ்டருக்குப் பிறகும் இறங்குகிற வேகம் குறையும்.

இலங்கையில் குழந்தைக்கு 2, 4, 6 மாதங்களில் போடுகிற ஐங்கூட்டுத் தடுப்பூசிக்குள் ஏற்புவலி டொக்சொயிட்டும் இருக்கிறது. 18 மாதத்தில் முக்கூட்டு ஊசி, 5 வயதில் ஒன்று, 11 வயதளவில் பாடசாலையில் ஒன்று. மொத்தம் ஆறு. 1978 இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்தின் கீழ் இவை எல்லாம் இலவசம். தோட்டத்துக் கிளினிக்கில் போட்டாலும் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் போட்டாலும் ஊசி ஒன்றுதான். தோட்டத்துக்கு வருவது மட்டமான மருந்து என்று சிலர் இன்னமும் சொல்லிக்கொண்டு திரிவதைக் கேட்டால் எரிச்சலாக இருக்கிறது.

இந்த ஊசி வேலை செய்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் எல்லோருக்கும் ஏற்புவலித் தடுப்பூசி போடுவது விதி. போர்க்களக் காயம் என்றால் மண்ணும் சாணமும் இரும்புத் துண்டும் சேர்ந்த காயம். 27 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காயங்களோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட அந்தப் படையில் ஏற்புவலி வந்தவர்கள் 12 பேர். அந்தப் பன்னிரண்டிலும் எல்லோரும் ஊசியை முழுமையாகப் போட்டவர்கள் இல்லை.

அம்மை போன்ற நோய்களில், ஊரில் பெரும்பாலான பிள்ளைகள் ஊசி போட்டிருந்தால் போடாத பிள்ளைக்கும் ஓரளவு காப்புக் கிடைக்கும். ஆளில் இருந்து ஆளுக்குப் போகும் வழி அடைபட்டுப்போவதால் அப்படி. ஏற்புவலி ஆளில் இருந்து ஆளுக்குத் தொற்றுவதே இல்லை. மண்ணில் இருந்து வருகிறது. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் எல்லோரும் ஆறு ஊசி போட்டிருந்தாலும் உங்கள் பிள்ளைக்கு அதில் ஒரு சதப் பயனும் கிடையாது.

## அப்படியானால் எப்படி வருகிறது?

மலையகத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது விட்டுப்போன ஊசியைத்தான். இரண்டு மாதக் குழந்தைக்கு அம்மாதான் கிளினிக் போவார், தவறாது. 18 மாதம் ஆகும்போது அவர் திரும்பக் கொழுந்துக்குப் போகத் தொடங்கியிருப்பார், பிள்ளை பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில்). 5 வயதில் அப்பா கொழும்பில் கடையில், அம்மா வெளிநாட்டில், பிள்ளை அம்மாயியிடம். 11 வயதில் ஊசி போட வந்த அன்றைக்குப் பிள்ளை பாடசாலைக்குப் போகவில்லை. கேட்டால் எல்லோரும் "ஊசியெல்லாம் போட்டாச்சு" என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை, அவர்கள் ஞாபகத்தில் இருப்பது கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசிகள்.

இதற்கு ஒரே சாட்சி பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, நாம் 'கிளினிக் கார்டு' என்று சொல்லுகிறோமே அந்தப் புத்தகம். அலுமாரியின் அடியில், பிறப்புச் சான்றிதழோடு ஷொப்பிங் பேக்கில் சுற்றி வைத்திருப்பார்கள். அதில் தடுப்பூசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் நேரே திகதி எழுதியிருக்கும். எந்த வரி வெறுமையாக இருக்கிறதோ அதுதான் விட்டுப்போன ஊசி. விட்டுப்போனால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை; விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். உடம்பு பழசை மறப்பதில்லை. "இவ்வளவு நாள் கழிச்சுப் போனா மிஸ் ஏசுவாங்க" என்று கூச்சப்பட்டே போகாமல் இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏசினாலும் ஒரு நிமிஷம்தான் ஏசுவார்.

ஊசி எல்லாம் சரியாகப் போட்டும் உடம்பு பிறபொருளெதிரி செய்யாத பிள்ளைகள் சிலர் உண்டு. பிறவியிலேயே நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் போன்றோர். இவர்களைப் பற்றி வைத்தியர் தனியாக முடிவெடுப்பார்.

ஊசி மருந்தே கெட்டிருக்கலாமா என்ற கேள்வியும் வரும். இந்த மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்க வேண்டும். சூடு பட்டால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்து போனாலும் கெடும் என்பது அவ்வளவாகத் தெரியாது. மருந்தில் சேர்த்திருக்கும் அலுமினிய உப்பு உறைந்து கட்டிபட்டால் வீரியம் குறைந்துவிடும். குளிர் ஊர்தானே, மருந்துக்கு என்ன கேடு வரப்போகிறது என்று நினைக்கக் கூடாது. இதற்காகத்தான் ஊசிப் பெட்டியில் ஐஸைக் கண்டபடி அடுக்காமல், மருந்துக் குப்பி ஐஸைத் தொடாமல் வைக்கிறார்கள்.

நச்சு அளவுக்கு மீறிப் போய், இருக்கிற காப்பையும் மிஞ்சிவிடுவது மிகவும் அரிது. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அப்படி வந்தாலும், ஓரளவு பிறபொருளெதிரி உள்ள பிள்ளைக்கு நோய் பெரும்பாலும் லேசாக இருக்கும். தாடையோடும் கழுத்தோடும் நின்றுவிடுவதும் உண்டு.

கடைசியாக, ஏற்புவலி மாதிரியே தெரிகிற வேறு விஷயங்கள். வாந்திக்குக் கொடுக்கிற சில மருந்துகள், உதாரணமாக மெட்டோகுளோபிரமைட், சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் தாடை இறுகி, கழுத்து ஒரு பக்கம் திரும்பி, கண் மேலே செருகச் செய்யும். பார்த்தால் பகீரென்று இருக்கும். முறிவு மருந்து கொடுத்தால் சீக்கிரமே சரியாகிவிடும். கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டினாலும், தொண்டையில் கட்டி வந்தாலும் வாய் திறக்க முடியாது. இரத்தத்தில் கல்சியம் குறைந்தாலும் கைகால் இழுக்கும். பிள்ளை மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டது என்றால், வந்தது ஏற்புவலியாக இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் ஊருக்குள் "ஏற்புவலி" என்று ஒரு தடவை பேர் விழுந்துவிட்டால் அதை அழிக்க முடியாது.

## காயம் பட்ட பிறகு போடுகிற ஊசிகள்

காயம் பட்டதும் ஆஸ்பத்திரியில் போடுவது இரண்டு வகை. இரண்டையும் நாம் "ஏற்பூசி" என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது.

ஒன்று, ஏற்கெனவே பார்த்த டொக்சொயிட். இது உடம்பிடம் வேலை வாங்குகிற ஊசி. முன்பு ஊசிகள் போட்டிருந்தால் உடம்பு சில நாட்களிலேயே பிறபொருளெதிரியை மளமளவென்று ஏற்றிவிடும். ஒரு ஊசியும் போடாதவருக்கு, இன்றைக்கு முதல் டொக்சொயிட் போட்டால் இன்றைய காயத்துக்கு அது உதவாது. அடுத்த காயத்துக்கான அத்திவாரம் மட்டுமே. மற்றது இமியூனோகுளோபுலின். வேறு மனிதர்களின் இரத்தத்தில் இருந்து பிரித்தெடுத்த, தயார்நிலையில் உள்ள பிறபொருளெதிரி. போட்ட உடனே வேலை செய்யும், சில வாரங்களில் கரைந்துவிடும், உடம்புக்கு எதையும் கற்றுக்கொடுக்காது. "காயம் பட்ட அன்னைக்கே ஊசி போட்டும் வந்துருச்சு" என்கிற கதைகளில் பல, முன்பு ஊசியே போடாத ஒருவருக்கு டொக்சொயிட் மட்டும் போட்ட கதைகளாக இருக்கலாம்.

யாருக்கு எது என்பதற்குப் பல நாடுகளில் வைத்தியர்கள் கைக்கொள்ளும் பொது வழக்கம் இது. மூன்றோ அதற்கு மேலோ ஊசி போட்ட பிள்ளைக்கு, சுத்தமான சின்னக் காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 10 வருஷத்துக்குள் இருந்தால் ஒன்றும் தேவையில்லை. மண், சாணம், எச்சில் பட்ட காயம், ஆழமாகக் குத்திய காயம் என்றால் அந்த எல்லை 5 வருஷம். தாண்டியிருந்தால் ஒரு பூஸ்டர். மூன்றுக்குக் குறைவாகப் போட்டவர் அல்லது எத்தனை என்றே தெரியாதவர், அழுக்குக் காயத்தோடு வந்தால் டொக்சொயிட்டோடு இமியூனோகுளோபுலினும். முடிவு உங்களைப் பார்க்கிற வைத்தியருடையது. ஆனால் அவர் முடிவெடுக்க அந்தக் கிளினிக் கார்டு வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டு போங்கள்.

6 வயதுப் பிள்ளை, 5 வயது ஊசி போட்டாகிவிட்டது, முழங்காலில் சிராய்ப்பு. ஐயா "ஊசி வேணாம்மா" என்று திருப்பி அனுப்பினால் அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று அர்த்தம் இல்லை. தேவையில்லாமல் அடிக்கடி போட்டால், ஏற்கெனவே நிறையப் பிறபொருளெதிரி இருக்கிற உடம்பு முறுக்கிக்கொண்டு, கை முழுக்க வீங்கிச் சிவந்து போவதும் உண்டு.

ஊசிக்கு முந்தின வேலை வீட்டில் இருக்கிறது. ஓடுகிற தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் காயத்தை நன்றாகக் கழுவ வேண்டும். உள்ளே முள், குச்சி, மண் இருந்தால் ஆஸ்பத்திரியில் எடுக்க வேண்டும். கோப்பித் தூள், மஞ்சள், சுண்ணாம்பு, தேயிலைத் தூள், மண்ணெண்ணெய் என்று காயத்தில் அப்பி அடைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. இரத்தம் நிற்கிறது என்பது உண்மைதான். கூடவே காற்றுப் போகும் வழியும் அடைபட்டு விடுகிறது. அந்தக் கிருமி கேட்பதும் அதைத்தான்.

## பிறந்த குழந்தையும், நோயில் இருந்து மீண்டவரும்

முதல் ஊசி 2 மாதத்தில் என்றால் அதுவரை குழந்தைக்கு யார் காவல்? அம்மாதான். கர்ப்ப காலத்தில் தாய்க்குப் போடும் ஊசியால் உண்டாகும் பிறபொருளெதிரி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. தொப்புள்கொடியை அழுக்குக் கத்தியால் அறுத்து, சாம்பலும் சாணமும் வைத்த காலத்தில் பிறந்து ஒரு வாரத்தில் பால் குடிக்க முடியாமல், விறைத்துச் செத்த குழந்தைகள் ஏராளம். கர்ப்பிணிகளுக்கான ஊசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் அதை மாற்றின. இலங்கை அடங்கிய தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் வரும் ஏற்புவலி ஒழிக்கப்பட்டதாக 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழிந்தது நோயாளர் எண்ணிக்கைதான். வித்துகள் மண்ணில் அப்படியே இருக்கின்றன.

இன்னொரு விசித்திரம். அம்மை ஒரு தடவை வந்தால் பொதுவாகத் திரும்ப வராது. ஏற்புவலி வந்து பிழைத்தவருக்கு மறுபடியும் வரலாம். முன்னே சொன்ன நனோகிராம் கணக்கு இங்கேதான் தேவைப்படுகிறது. ஆளைப் படுக்க வைக்கப் போதுமான நச்சின் அளவு, உடம்பின் நோயெதிர்ப்பு அமைப்பு கண்டுகொள்ளக்கூடிய அளவைவிடச் சிறியது. நோய் எதையும் கற்றுக்கொடுக்காது; ஊசிதான் கற்றுக்கொடுக்கும். அதனால் ஏற்புவலியில் இருந்து மீண்ட பிள்ளைக்கும் ஊசிகளை முழுமையாகப் போடுவார்கள்.

## பிள்ளைக்குக் கார்டு இருக்கிறது, அப்பாவுக்கு?

பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் தடுப்பூசி ஒழுங்காகப் போடுகிற நாட்டில் ஏற்புவலி வருவது பெரும்பாலும் வயது வந்தவர்களுக்குத்தான். பெண்களுக்குக் கர்ப்ப காலத்திலாவது ஊசி கிடைத்திருக்கும். கவ்வாத்து வெட்டுகிற, கான் (வடிகால்) வெட்டுகிற, மாட்டுப் பட்டியில் சாணம் அள்ளுகிற ஆண்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அறுபது வயதைத் தாண்டியவர்களில் பலருக்கு ஒரு ஊசிகூடப் போட்ட ஞாபகம் இருக்காது. "எனக்கென்ன, நாப்பது வருஷமா வெறுங்காலோட மலையில நிக்கிறேன்" என்று மாமாமார் சொல்வார்கள். நாற்பது வருஷம் மண்ணில் நின்றதால் பிறபொருளெதிரி உண்டாவதில்லை.

அப்படிப்பட்டவர் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் ஒரு ஊசி போட்டுவிட்டு, மிச்சத்தைக் கேட்காமல் வந்துவிடுவதுதான் வழக்கம். ஒன்றும் போடாத பெரியவருக்கு மூன்று வேண்டும். முதலாவது போட்டு நான்கு வாரம் கழித்து இரண்டாவது, அதில் இருந்து ஆறு மாதமாவது கழித்து மூன்றாவது. துண்டில் திகதியை எழுதி வாங்கி, பிள்ளையின் கார்டு இருக்கிற அதே ஷொப்பிங் பேக்கில் போட்டு வையுங்கள்.